திருவுளச்சீட்டும் ஒரு போத்தல் விஸ்கியும்



பொருள் ஒன்று, கேட்போர் ஆயிரம் பேர். எல்லோரும் ஒரே விலையைக் கொடுக்க ஆயத்தமாக நிற்கின்றனர். யாருக்குக் கொடுப்பது நீதி?

இது பழைய கேள்வி. அறநூல் வல்லோர் பல நூற்றாண்டுகளாக இதை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இன்று அதே கேள்வி நாம் எதிர்பாராத ஓரிடத்தில் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் சில மாநிலங்களில், அரிதாகக் கிடைக்கும் விஸ்கிக்காக அரசாங்கமே குலுக்கல் நடத்துகிறது. வெல்பவருக்கு விஸ்கி இனாமாகக் கிடைப்பதில்லை. காசு கொடுத்து அதை வாங்கும் உரிமையே அவருக்குக் கிடைக்கும் பரிசு.

"நமது பத்திரிகையில் விஸ்கிக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். குடியினால் குலைந்த வீடுகளை நாம் எல்லோரும் அறிவோம். அதைப் புகழ்வதற்கு இங்கே ஒரு வரியும் இல்லை. ஆனால் அரிசி, மருந்து, மண்ணெண்ணெய் போன்ற பொருட்களென்றால் யாருக்கு அவசரம், யாருக்கு நோய், எந்த வீட்டிற் குழந்தை என்றெல்லாம் பார்க்க வேண்டும், பார்ப்பதே நீதி. இதுவோ ஒருவருக்கும் அவசியமில்லாத பொருள். தேவை விலகி நிற்பதால், மனித ஆசையை மட்டும் தனியே எடுத்து ஆராய்வதற்கு இது வசதியான இடம்.

முதலில் அப்பொருளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். பேர்பன் எனப்படும் அமெரிக்க விஸ்கிக்குச் சட்டமே இலக்கணம் வகுத்திருக்கிறது. தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்காவது சோளமாக இருக்க வேண்டும். உட்புறம் தீயிற் கருக்கப்பட்ட புதிய ஓக் மரக் கலத்தில் அதை வைத்திருக்க வேண்டும். வழக்கமாகப் பாவிக்கப்படும் பீப்பா ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும். ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி மரத்தினூடாக ஆவியாகிப் போய்விடும். அத்தொழில் செய்வோர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'சம்மனசுகளின் பங்கு'. இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தால் பீப்பாவிற் பாதிக்கு மேல் சம்மனசுகளுக்கே போய்ச் சேரும்.

கென்டக்கி மாநிலத்து வான் விங்கிள் குடும்பத்தின் பெயரில் வெளிவரும் 23 ஆண்டு விஸ்கி இவ்வகையில் மிகவும் பேர்பெற்றது. இன்று அதை வாங்குபவர், ஒரு தலைமுறைக்கு முன் யாரோ நிரப்பி வைத்த பீப்பாவிலிருந்து பெறுகிறார். அன்று எத்தனை பீப்பாக்களை நிரப்பினார்களோ அத்தனைதான் உண்டு. இன்று எவ்வளவு பணத்தைக் கொட்டினாலும், கடந்துபோன ஆண்டுகளுக்குள் இன்னொரு பீப்பாவை உருட்டி வைக்க முடியாது. தயாரிப்பாளர் குறிக்கும் விலை சில நூறு டொலர். கைமாறி விற்கும்போதோ பல ஆயிரம் டொலர். இந்த இடைவெளியிலேதான் சோதனை புகுந்துகொள்கிறது. 2013ஆம் ஆண்டில், இந்த விஸ்கி வைக்கப்பட்டிருந்த பஃபலோ ட்ரேஸ் வடிசாலையிலிருந்து 200க்கும் மேற்பட்ட போத்தல்கள் காணாமற் போயின. அங்கு நடந்த களவுகள் தொடர்பாக 2015இல் ஒன்பது பேர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது.

இனி, அரசாங்கம் இதற்குள் எப்படி வந்தது என்று பார்ப்போம். 1933இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீக்கப்பட்டபோது, மது விற்பனையை எவ்வாறு நடத்துவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானித்துக்கொண்டது. இன்றும் பதினேழு மாநிலங்களில் மொத்த விற்பனையையோ சில்லறை விற்பனையையோ அரசே தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. பென்சில்வேனியா, வேர்ஜீனியா, ஒரேகன் ஆகியவை அவற்றுட் சில. பென்சில்வேனியாவில் அரிய போத்தல்கள் வந்து சேரும்போது, 21 வயது நிரம்பிய மாநிலவாசிகள் இணையத்தளத்தில் தம் பெயரைப் பதியலாம். கணினி கண்ணை மூடிக்கொண்டு பெயர்களைப் பொறுக்கும். பெயர் வந்தவர் குறித்த விலையைச் செலுத்திப் பெற்றுக்கொள்ளலாம். மற்றவர்கள் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த முறை சரியா? வேறு வழிகளையும் எண்ணிப் பார்த்தே விடை சொல்ல வேண்டும். அரிய பொருளைப் பங்கிட மனிதர் கண்ட வழிகள் பெரும்பாலும் நான்கு: விலை, வரிசை, தயவு, சீட்டு.

விலையை எடுத்துக்கொள்வோம். கூடக் கேட்பவனுக்கே கொடு என்பது ஏலத்தின் நியாயம். 2023 நவம்பரில் இலண்டனில், 1926இல் வடித்த மக்கலன் என்னும் ஸ்கொட்லாந்து விஸ்கி ஒரே ஒரு போத்தல் 21 இலட்சம் பவுணுக்கு மேல் ஏலம் போயிற்று. அங்கே ஒளிவுமறைவு இல்லை, ஏமாற்றும் இல்லை. ஆனால் கூலிக்கு வேலை செய்பவன் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் அந்த ஏலத்தில் அவன் கை உயரப் போவதில்லை.

வரிசை அதைவிட நேர்மையாகத் தோன்றும். அரிசிக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நமக்கு அதன் குணமும் குற்றமும் நன்றாகத் தெரியும். முந்தி வந்தவனுக்கு முதலிடம். ஆனால் ஓய்வுள்ளவன்தான் முந்தி வர முடியும். அதோடு, எங்கே நிற்பது என்ற செய்தியும் காசாகிவிடும். வேர்ஜீனியாவில் அரச மதுச் சபையின் ஊழியர் ஒருவர், எந்தக் கடைக்கு எந்த அரிய போத்தல் போகிறது என்ற உள்விபரத்தை வெளியே கொடுத்தார். வெளியிலிருந்து வேறொருவர் அதை ஆவலுள்ளோருக்கு விற்றார். 2022இல் அது வழக்காகி, அந்த ஊழியர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

தயவு மூன்றாவது வழி. அது எங்கும் உள்ளது. எங்கும் மறைந்தே உள்ளது. 2023 பெப்ரவரியில் ஒரேகன் மாநிலத்தில் ஒரு செய்தி வெளியாயிற்று. மது விற்பனையை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழுவின் பணிப்பாளரும் வேறு உயர் அதிகாரிகளுமாக ஆறு பேர், அரிய போத்தல்களைப் பொதுமக்களுக்கு எட்டாமல் தமக்கென ஒதுக்குவித்திருந்தனர். பணிப்பாளர் பதவி விலகினார். பின்னர் குற்றவியல் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. வாசகரே, அவர்கள் களவெடுக்கவில்லை. உரிய விலையைக் கொடுத்தே வாங்கினார்கள். அப்படியானால் குற்றம் எங்கே? அதே மாநிலம் பொதுமக்களுக்குக் குலுக்கல் நடத்திக்கொண்டிருந்தது. ஆயிரமாயிரம் பேர் தம் பெயரை நம்பிக்கையோடு போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். சீட்டை நடத்தும் கை சீட்டுக்கு வெளியே நின்று எடுத்துக்கொண்டது. அவர்கள் எடுத்தது விஸ்கியை மட்டுமா? முகந்தெரியாத மக்கள் அரசின்மீது வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்தே எடுத்தார்கள்.

எஞ்சியிருப்பது சீட்டு. இதைக் குருட்டுத்தனம் என்று சிலர் இகழ்வர். அந்தக் குருட்டுத்தனமே இதன் நற்குணம் என்பேன். பணக்காரன், ஏழை, அதிகாரியின் மைத்துனன் என்ற வேறுபாடு சீட்டுக்குத் தெரியாது. தோற்றவனையும் அது அவமதிப்பதில்லை. "நீ தகுதியற்றவன்" என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் பெயர் வரவில்லை, அவ்வளவுதான். முதுசக் காணியைப் பங்கிடும்போது சகோதரர்கள் சீட்டெழுதிப் போட்டு எடுப்பது இதனாலேதான். பங்கு எதுவானாலும் பகை மிஞ்சாது.

திருச்சபையின் அறிஞர்களும் சீட்டை வெறுத்து ஒதுக்கவில்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியாஸ் சீட்டினாலேயே தெரியப்பட்டார். பங்கிட முடியாத பொருளுக்கு மனிதர் சீட்டுப் போடுவதைப் புனித தோமஸ் அக்குவினாஸ் பாவமென்று கொள்ளவில்லை. அதில் வீண்மை புகக்கூடும் என்று மட்டும் எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை நாம் இலேசாகக் கடந்துவிடலாகாது.

கல்வாரியிலும் சீட்டுப் போட்டார்கள். தையலில்லாத அங்கியைக் கிழித்தால் பயனில்லை என்று கண்ட போர்வீரர், அதை யாருக்கென்று சீட்டினாலே தீர்த்துக்கொண்டனர். முறையை மட்டும் பார்த்தால் அந்தச் சீட்டிற் குறையில்லை. நால்வருக்கும் சம வாய்ப்பு. ஆனால் அவர்களுடைய கண் துணியிலே இருந்தது. அது யாருடைய துணி, அவர் எங்கே தொங்குகிறார் என்று நிமிர்ந்து பார்த்ததாகத் தோன்றவில்லை. ஆகவே சீட்டு நேர்மையாக நடந்தது என்பதனால் சீட்டுப் போட்டவர்களின் மனமும் நேர்மையானது என்று முடிவு கட்ட முடியாது.

விஸ்கிக் குலுக்கலிலும் இதுவே நடக்கிறது. அரிது என்ற பேச்சுப் பரவப் பரவ, அதைச் சுவைத்தே அறியாதவர்களும் பெயரைப் போடுகிறார்கள். பலருக்குக் குடிக்கும் எண்ணமில்லை. சிலர் அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பார்கள். சிலர் பன்மடங்கு விலைக்கு விற்பார்கள். அனுமதிப்பத்திரமின்றி அப்படி விற்பது சட்டத்துக்கு மாறானது. அது ஒருபுறமிருக்க, "எனக்கு விழுந்தது, நான் விற்கிறேன், வாங்குபவன் மனதார வாங்குகிறான், யாருக்கு நட்டம்?" என்ற வாதத்துக்கு என்ன மறுமொழி?

மறுமொழி இரண்டு உண்டு. சாதாரண மனிதனும் வாங்கட்டும் என்றே அரசு விலையை ஏற்றாமற் சீட்டுப் போட்டது. விற்பவன் அந்தச் சீட்டை மறுபடியும் ஏலமாக்கிவிடுகிறான். தோற்ற ஆயிரம் பேரின் சம வாய்ப்பு அவனுடைய இலாபமாகிறது. இது ஒன்று. மற்றது அக்குவினாஸ் கற்பித்தது. ஒரு பொருளை இழப்பதால் விற்பவனுக்கு உண்மையான நட்டம் இருக்குமானால் அதற்காக விலையைக் கூட்டலாம். வாங்குபவனின் தவிப்புக்காகக் கூட்டலாகாது. அந்தத் தவிப்பு விற்பவனுடைய சொத்தல்ல. பிறனுடைய ஏக்கத்தை அவனுக்கே எப்படி விற்பது?

எனவே சீட்டு தீர்த்துவைப்பது ஒரேயொரு கேள்வியை: யாருக்கு? விழுந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வியை அது தொடுவதேயில்லை. நீதியின் வேலை முடிந்த இடத்தில் நமது மனச்சாட்சியின் வேலை தொடங்குகிறது. உழைத்துப் பெற்றதில் ஒருவன் "என்னுடையது" என்று சொல்ல ஓரளவு இடமுண்டு. சீட்டில் வந்ததிலோ அவனுடைய திறமை எள்ளளவும் இல்லை. அதைத் தனக்கென்று பூட்டி வைப்பதைவிட, நண்பர் நாலு பேரை அழைத்து அளவோடு பகிர்ந்துகொள்பவனே வந்த வழியை உணர்ந்தவன்.

புனித அகுஸ்தீனார் இதை இன்னும் ஆழமாகக் கண்டார். உன்னிடம் மிஞ்சிய பொருள் ஒன்றுண்டு. அதை இருவருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. வந்து நிற்கும் இருவரும் தேவையிலும் உறவிலும் சமமானவர்கள். அப்போது சீட்டுப் போடுவதே மிக நீதியானது என்கிறார் அவர். அத்தோடு நிற்கவில்லை. உலகிலுள்ள எல்லோருக்கும் உன்னால் உதவ முடியாது. ஆகவே காலத்தாலும் இடத்தாலும் உன் பக்கத்தில் வந்து சேர்ந்தவர்களை, சீட்டினால் உனக்கு விழுந்தவர்களாகவே எண்ணி அன்பு செய் என்று முடிக்கிறார்.

ஒரு போத்தலுக்காகப் பெயரைப் போட்டுவிட்டுப் பல்லாயிரம் பேர் ஆவலோடு காத்திருக்கிறார்கள். நமக்கோ பெயர் போடாமலே பல சீட்டுகள் விழுந்திருக்கின்றன. இன்ன தாய்க்குப் பிள்ளையாக, இன்னாருக்குச் சகோதரராக, இந்த ஒழுங்கையில் இன்னாருக்கு அயலவராக நாம் வந்து சேர்ந்தோம். யாரும் நம்மைக் கேட்டு இதைத் தீர்மானிக்கவில்லை. நமது சுகமும், படிப்பும், கையிலுள்ள நாலு காசும் பெரும்பாலும் அப்படியே வந்தவை. அடுத்த குலுக்கலில் என்ன விழும் என்று எட்டிப் பார்ப்பதற்கு முன், விழுந்து கிடப்பவற்றை யாருடன் பகிர்ந்தோம் என்று இந்த வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.