சிப்பாய்க்கு மரியாதை, போருக்கு இல்லை

"ராணுவ வீரர்களை மதிக்கிறாய் என்றால் அவர்கள் போகும் போரையும் ஆதரிக்கணும்" என்பார்கள் சிலர். "போர் தப்பு என்றால் அதில் துப்பாக்கி தூக்கினவனும் தப்புதானே" என்பார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் போரையும் வீரனையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

சிங்கப்பூரில் இரண்டு வருஷம் தேசிய சேவை முடித்த பிறகுதான் பொறியியல் படிக்க வந்தேன். யாரோடு சண்டை என்று முடிவு செய்கிற இடத்தில் எங்கள் பிளட்டூனில் எவனும் இல்லை. பூட்ஸ் பளபளப்பாக இருக்கா என்பதுதான் எங்கள் பெரிய கவலை!

வியட்நாம் போரையே பாருங்கள். 1969 டிசம்பர் 1-ல் அமெரிக்காவில் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு, யாரை முதலில் படைக்கு அழைப்பது என்று தீர்மானித்தார்கள். கல்லூரியில் படிக்கிறவனுக்கு ஒத்திவைப்பு கிடைத்தது. அதாவது, என்னைப்போல ஒரு மாணவன் வளாகத்தில் நின்று போருக்கு எதிராகக் கோஷம் போடலாம். படிக்க வசதியில்லாத அதே வயசுப் பையன் காட்டுக்குப் போகணும். அவன் திரும்பி வரும்போது "கொலைகாரா" என்று கத்த அந்த மாணவனுக்கு என்ன தகுதி இருக்கு? கோஷம் போக வேண்டிய விலாசம் வேறு.

நம் மகாபாரதத்தில் விகர்ணன் இருக்கிறான். சபையில் திரௌபதிக்காகப் பேசிய ஒரே கௌரவன். பிறகு அண்ணன் பக்கமே நின்று போரிட்டான். அவனைக் கொன்ற பீமனே அவனுக்காக வருந்தினான். துரியோதனனின் போர் நியாயம் என்று பீமன் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லையே.

அதற்காகச் சீருடை போட்டவன் எது செய்தாலும் கும்பிடணும் என்று சொல்ல வரவில்லை. 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் பெண்கள், குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றார்கள். மேலே பறந்த ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்ஸன், கிராமத்து மக்களுக்கும் தம் படையினருக்கும் நடுவே இறங்கினார். "அவர்கள் இந்த மக்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள்" என்று தன் குழுவிடம் சொன்னார். குழுவில் ஒருவரான கிளென் ஆண்ட்ரியோட்டா, பிணங்கள் கிடந்த பள்ளத்துக்குள் இறங்கி உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்.

வேடிக்கை என்னவென்றால், "வீரர்களை மதி" என்று முழங்கிய நாட்டிலேயே தாம்ஸனைத் துரோகி என்றார்கள். பதக்கம் கிடைக்க முப்பது வருஷம் ஆச்சு. 1998-ல் வாஷிங்டனில் வியட்நாம் நினைவுச் சுவர் அருகே கொடுத்தார்கள்.

அந்தச் சுவரை வடிவமைத்த மாயா லின் அப்போது 21 வயது மாணவி. போர் சரியா தப்பா என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. கறுப்புக் கிரானைட்டில் 58,000-க்கும் அதிகமான பெயர்கள், இறந்த நாள் வரிசையில். மை லாய் நடந்து மூன்று வாரத்தில் போரிலேயே இறந்த ஆண்ட்ரியோட்டாவின் பெயரும் அதில் இருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.