கேட்காதவன் விலை

கோட்டையூர்க்காரர் ஒருவரின் கார்க் கடனுக்கான விலைப்பட்டியல் என் மேஜைக்கு வந்தது. ‘கையாளும் கட்டணம்’ என்று ஒரு வரி. எதைக் கையாண்டதற்கு என்று ஷோரூமைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே நீக்கிவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் பிரச்னை. பொய் இல்லை, எழுதியே இருந்தது. கேட்காதவன் கட்டுகிறான், அவ்வளவே.

குறைத்து விற்கும் சுதந்திரமும் விற்பவனுக்கு முழுக்க இல்லை போலும். முகவர்கள் கூடுதல் தள்ளுபடி தராமல் தடுத்ததாக 2021இல் இந்தியப் போட்டி ஆணையம் மாருதிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது (நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று). போலி வாடிக்கையாளர்களை அனுப்பி வேவு பார்த்தார்கள் என்கிறது ஆணை. தாராளம் அங்கே குற்றம்.

பேரத்துக்கு நான் வக்கீல் அல்ல. பேசத் தெரிந்தவனின் லாபம் கூச்சப்பட்டவன் பையிலிருந்தும் வருகிறது. முன்பு வந்த பட்டியல்களில் கூட்டலை மட்டும் பார்த்துச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். கூட்டல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.