தலைவிதி என்று சொல்லும் முன்

குறைமாதக் குழந்தை இறந்தால் 'தலைவிதி' என்கிறோம். பெற்றவளைத் தேற்ற அந்தச் சொல் உதவலாம். இறப்புக்குக் காரணமாக அதை ஏற்க முடியாது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1.8 கிலோவுக்குக் குறைந்த சிசுக்களில் ஒரு பிரிவைப் பிறந்தவுடனேயே தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்தார்கள். உடல்நிலை சீராகும்வரை காத்திருந்த பிரிவில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் இறந்தன. உடனே அணைக்கப்பட்டவற்றில் 12 சதவீதம்.

'தாய் மடி கிடைத்ததும் விதிதானே' என்று பக்தர் கேட்கலாம். அப்படியானால் அவளுக்குக் கட்டில் போடாத வார்டும் விதியாகிவிடும், யாரும் பொறுப்பேற்க வேண்டாம். கர்மக் கொள்கையோ செயலுக்குப் பலன் உண்டு என்கிறது; இங்கே நாம் செய்ய வேண்டிய செயல் தெளிவு. பச்சை உடம்புக்காரி நாளெல்லாம் பிள்ளையை மார்பில் தாங்க, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டிலும் சாப்பாடும் அவளுக்கான மருத்துவமும் வேண்டும். அவள் களைத்தால் அணைத்துக்கொள்ள வீட்டார் ஒருவரையும் உள்ளே விட வேண்டும்.