பிறர் நிலத்திற் பேசுதல்

சமூக ஊடகங்களிலே கருத்துக் கூறும் சுதந்திரம் நாளுக்குநாள் சுருங்கி வருகின்றது என்னும் முறைப்பாடு இன்று பரவலாகக் கேட்கின்றது. எழுதியது மறைந்துவிடுகின்றது, கணக்கு முடக்கப்படுகின்றது, காரணம் வினவினால் சமுதாய விதிகளுக்கு முரணானது என்ற ஒரே வாசகம் பதிலாக வருகின்றது. இம்முறைப்பாட்டை எழுப்புவோர் பலர் அதனோடு ஓர் ஏக்கத்தையும் சேர்த்தே வெளியிடுகின்றனர். பழைய இணையம் இவ்வாறு இருக்கவில்லை என்பது அவர்தம் துணிபு. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலே மின்னஞ்சற் குழுக்களிற் கூடி எழுத்துருவுக்காகவும் இலக்கியத்துக்காகவும் மல்லுக்கட்டிய தமிழர்களும், 2004 இல் தோன்றிய 'தமிழ்மணம்' திரட்டியின் வழியாக ஒருவரையொருவர் கண்டறிந்த வலைப்பதிவர்களும் எந்த நிறுவனத்தின் அறநெறியையும் கேட்டு எழுதியவரல்லர். கூட்டத்திலே எல்லை மீறியவரைக் கண்டிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அக்கூட்டத்தினரிடமே இருந்தது. இது பொய்யான நினைவு அன்று. ஆயின், யாருடைய நினைவு என்று கேட்பது தகும்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த இளைஞரிற் பெரும்பாலோர்க்கு இந்நினைவு கிடையாது. அவ்விணையம் செழித்த காலத்திலே லயக் காம்பிராக்கள் பலவற்றுக்கு மின்சாரமே எட்டியிருக்கவில்லை. கணினியொன்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு மலையிலிருந்து நகருக்கு இறங்க வேண்டியிருந்தது. அவர்கள் இணையத்துக்குள் நுழைந்தது கைத்தொலைபேசி வழியாக; நுழைந்தபோது அங்கே அவர்களை எதிர்கொண்டது பேஸ்புக். வேலி போட்ட பின்னர் வந்து சேர்ந்தவர்க்கு வேலியில்லாக் காலத்தைப் பற்றிய ஏக்கம் எங்ஙனம் வாய்க்கும்? அன்றியும், அப்பழைய நிலம் அங்கு குடியிருந்தோருக்குச் சொந்தமாகவும் இருந்ததில்லை. ஜியோசிட்டீஸ் தளத்திலே பல்லாண்டுகளாக மக்கள் கட்டியெழுப்பிய பக்கங்களை அதன் உரிமையாளரான யாகூ நிறுவனம் 2009 இல் மூடியது. யாகூ குழுக்களுக்கும் 2020 இல் அதே கதி நேர்ந்தது. வாய்ப்பூட்டு இல்லாத அக்காலத்திலே காணி உறுதியும் எவர் கையிலும் இருக்கவில்லை.

பிறர் நிலத்திலே நின்று பேசுவது மலையக மக்களுக்குப் புதிய அனுபவம் அன்று. தோட்டம் தனியார் சொத்து. பிரட்டுக்களத்திலே உரத்துப் பேசும் அதிகாரம் துரைக்கும், அவருடைய ஆணையை ஏந்தி வந்த கணக்கப்பிள்ளை, கங்காணிமாருக்குமே இருந்தது. அனுமதியின்றி உள்ளே வந்த வெளியார்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டப்படலாம். தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறிய விரும்பிய கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுக்குட் சென்றார் என அவர் வரலாறு கூறும். 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹற்றனிலே அவர் அமைத்த காலத்திலும் வேலியைத் தாண்டுவதற்குத் துண்டுப்பிரசுரமும் பாட்டுமே துணையாயின. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரிடையே பாடினார். பாடல்களை அச்சிட்டும் பரப்பினார். பாட்டை அத்துமீறிப் பிரவேசித்தமைக்காக மன்றில் நிறுத்துதல் இயலாதன்றோ!

இதே காலப்பகுதியில் நிகழ்ந்த இன்னொரு சம்பவம் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. மார்க் அன்ரனி பிரேஸ்கேடில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞர் 1936 இல் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றுக்குத் துரைத்தொழில் பயில வந்தார். வந்தவர் தொழிலாளர் பக்கம் சாய்ந்தார். தோட்டம் அவரை வெளியேற்றியது. 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி நாவலப்பிட்டியிலே நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் அவர் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். தேசாதிபதி ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். ஆனால் மே மாதத்திலே உயர் நீதிமன்றம் அக்கட்டளை சட்டப்படி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தோட்டம் அவரை வெளியேற்றியபோது துரையின் விருப்பமே போதிய காரணமாயிற்று. நாடு அவரை வெளியேற்ற முனைந்தபோதோ, காரணம் காட்டும் கடமை தேசாதிபதியையும் பிடித்துக்கொண்டது. அதிகாரத்திற் பெரியவர் தேசாதிபதியே. எனினும் கேள்விக்கு உட்பட்டவரும் அவரே.

இன்றைய பெருந்தளங்கள் பேச்சை நீக்கும் முறை நாவலப்பிட்டியிலும் பார்க்க மடுல்கலையையே ஒத்திருக்கின்றது. பேஸ்புக்கின் நீக்கங்களை மீளாய்வதற்கு 2020 இல் ஒரு மேற்பார்வைச் சபை செயற்படத் தொடங்கியது உண்மையே. ஆயின், நீக்கப்படும் பதிவுகளின் பெருக்கத்தோடு ஒப்பிட்டால் அதன் முன் செல்லும் விவகாரங்கள் கைவிட்டு எண்ணத்தக்கவை.

அவ்வாறாயின் வேலியைப் பிடுங்கி எறிவதே விடுதலை எனலாமா? அங்ஙனம் கருதுவோர் சுதந்திரத்தைப் பேசுபவன் பக்கத்திலிருந்து மட்டுமே நோக்குகின்றனர். 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்னும் சொற்களை மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளனர். தோட்டப் பாடசாலையொன்றிலே கற்ற மாணவியொருத்தி தன் முதற் கட்டுரையைத் தன் பெயரோடும் முகத்தோடும் வெளியிடுகின்றாள் எனக் கொள்வோம். அதன் கீழே இச்சொற்கள் ஐம்பது தடவை வந்து விழுகின்றன. அவற்றை எவரும் நீக்கவில்லை. அடுத்த கட்டுரையை அவள் எழுதமாட்டாள். கட்டுப்பாடற்ற அரங்கிலே முதலில் வெளியேறுவது வசைபாடுபவன் அல்லன். அவளுடைய மௌனத்தை எவரும் தணிக்கை எனக் கணக்கிடுவதுமில்லை. பழைய இணையத்தின் பொற்காலத்தை நினைவுகூர்வோர் இந்த மௌனங்களையும் எண்ணிப் பார்த்தனரா என்பது ஐயத்துக்குரியது.

ஜோன் ஸ்ருவாட் மில் 1859 இல் வெளியிட்ட தமது 'சுதந்திரம்' பற்றிய நூலிலே ஓர் உதாரணம் காட்டுவார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகின்றனர் என்னும் கருத்தை அச்சிலே வெளியிடத் தடையிருத்தலாகாது. வியாபாரியின் வீட்டு வாயிலிலே கொதித்து நிற்கும் கும்பலிடம் அதையே கூறினால் அது தண்டனைக்கு உரியதாகலாம். அச்சுக்கும் கும்பலுக்கும் இடையே தூரமும் காலமும் இருந்த உலகு அது. 2018 மார்ச்சிலே கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது அத்தூரம் கைத்தொலைபேசியிலே கரைந்து போயிற்று. எழுத்தே வாயிலில் நின்றது. கைக்குழந்தையையும் விடாது முஸ்லிம்களைக் கொல்லுமாறு தூண்டிய சிங்களப் பதிவொன்று, முறைப்பாடு செய்யப்பட்ட பின்னரும் விதிகளுக்கு முரணானதன்று எனப் பதிலிறுக்கப்பட்டது. அரசாங்கம் மார்ச் 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை முற்றாக மூடியது. தனது தளம் ஆற்றிய பங்குக்காகப் பேஸ்புக் 2020 மே மாதத்திலே மன்னிப்புக் கோரியது. தோட்டத்துத் துரைக்குக் குறைந்தபட்சம் தொழிலாளரின் பாஷை கொஞ்சமேனும் தெரிந்திருந்தது. தமிழைத் தட்டுத்தடுமாறியேனும் பேசாமல் அவர் வேலை வாங்கியிருக்க முடியாது.

மொழி தெரியாத காவலன் இருவகையிலும் பிழைவிடுவான். கொலைத் தூண்டலை விட்டுவைப்பான். 'தோட்டக்காட்டான் என்று எங்களை அழைக்காதீர்' என எழுதியவனது பதிவைச் சொல்லைக் கண்டே நீக்குவான். சொல்லை எண்ணும் இயந்திரத்துக்கு வசையும் வசைக்கு எதிரான முறையீடும் ஒன்றே.

ஏக்கத்தைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். 2025 ஜனவரியிலே மார்க் சக்கர்பேர்க் ஐக்கிய அமெரிக்காவில் உண்மை சரிபார்க்கும் வெளியமைப்புகளின் பணியை நிறுத்துவதாகவும் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதாகவும் அறிவித்தபோது, கருத்துச் சுதந்திரத்தின் வேர்களுக்குத் திரும்புவதாகவே அதனை வருணித்தார். பழைய இணையத்தின் மீதான ஏக்கம் நிலவுடைமையாளரின் வாயிலேயே ஒலித்தது! வேலியை உயர்த்தியவரும் அவர், தாழ்த்தியவரும் அவர். இரு தடவையும் அந்நிலத்திற் குடியிருந்தோர் கேட்கப்படவில்லை. மறுபுறம், 2024 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று தீர்மானித்து நீக்கப் பணிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றிடம் அளித்தது. துரையின் மீதுள்ள அவநம்பிக்கை தேசாதிபதியின் மீது நம்பிக்கையாக மாறவேண்டிய அவசியமில்லை.

இந்நாட்டுத் தோட்டங்களிலே இத்தகைய சிக்கல் ஒன்றுக்கு ஒருவகைத் தீர்வு காணப்பட்டது. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டங்களுக்குட் பிரவேசிக்கும் உரிமையைப் பாராளுமன்றம் 1970 இல் சட்டமாக்கியது. தோட்டம் பொதுவெளியாகிவிடவில்லை, உடைமையாளரின் உரிமையும் அழியவில்லை. ஆனால் யார் உள்ளே வந்து பேசலாம் என்பது அதன் பின்னர் அவருடைய தயவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. நடேசய்யர் புடைவை மூட்டை சுமந்து சென்ற காலத்திலிருந்து அதற்குச் சென்ற காலம் அரை நூற்றாண்டு. நீக்கியவர் யார், எவ்விதியின்படி நீக்கினார், அம்மொழியை அவர் அறிவாரா, அவருக்குமேல் யாரிடம் முறையிடலாம் என்னும் வினாக்களுக்கு விடை கோரும் உரிமை அத்தகையதே. பேச்சு நீக்கப்படலாம், விடையில்லாது நீக்கப்படுதலே அநீதி.

இவ்வுரிமையின் பெறுமதியைத் திகனச் சம்பவம் நிகழ்ந்த அதே ஆண்டு காட்டியது. தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா சம்பளம் கோரி 2018 ஒக்ரோபர் 24 ஆம் திகதி ஆயிரக்கணக்கான மலையக இளைஞர் கறுப்பு உடையணிந்து கொழும்புக் காலிமுகத்திடலிலே திரண்டனர். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் அவ்விளைஞரிடையே அழைப்பு பெரிதும் பரவியது சமூக ஊடகங்களின் வழியாகவே. மார்ச்சிலே கும்பலைத் திரட்டிய அதே வழி. மார்ச்சிலே ஒருவார காலம் முற்றாக மூடப்பட்டிருந்த அதே வழி. கூட்டம் கூடுமாறு இளைஞரை அழைக்கும் இரு பதிவுகளை இயந்திரத்தின் முன் வைத்தால், ஒன்று கடையை எரிக்கவும் மற்றது தாயின் சம்பளத்துக்காகவும் எழுதப்பட்டது என்பதை அது எதனைக்கொண்டு அறியும்? ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வெளியாக 2021 மார்ச் வரை செல்ல வேண்டியிருந்தது.