தீர்ப்போடு தீராத கணக்கு



குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்துவிட்டால், "நீதி கிடைத்தது" என்று சொல்லிவிட்டு நாம் எமது அலுவல்களைப் பார்க்கப் போய்விடுகிறோம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் அன்றோடு எல்லாம் முடிந்துவிடுகிறதா? நான் வாழும் டிரெஸ்டன் நகரில் நடந்த ஒரு கொடுமையை வைத்து இதைச் சிந்திப்போம்.

எகிப்து நாட்டவரான மர்வா எல்-ஷெர்பினி ஒரு மருந்தாளர். கணவர் இங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனமொன்றில் ஆராய்ச்சி செய்துவந்தார். 2008 ஓகஸ்டில், சிறுவர் விளையாட்டிடத்தில் தன் மகனுக்கு ஊஞ்சலை விடும்படி மர்வா கேட்டபோது, அங்கிருந்த ஒருவன் அவரைப் "பயங்கரவாதி" என்று ஏசினான். விடயம் பொலிசுக்குப் போனது. நீதிமன்றம் அவனுக்கு 780 யூரோ அபராதம் விதித்தது.

மேன்முறையீட்டு விசாரணை 2009 யூலை 1 அன்று நடந்தது. சாட்சியம் சொல்லி முடித்த மர்வாவை அவன் நீதிமன்ற அறைக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொன்றான். அப்போது அவர் கருவுற்றிருந்தார். மூன்று வயது மகனும் அந்த அறையில்தான் இருந்தான். காப்பாற்றப் பாய்ந்த கணவரும் குத்துப்பட்டார். ஓடிவந்த பொலிஸ்காரர் அவரையே கொலையாளி என்று எண்ணிக் காலில் சுட்டுவிட்டார்.

அதே ஆண்டு ஒக்டோபர் 26 அன்று கொலை வழக்கு தொடங்கியது. நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், அந்த மனிதர் ஊன்றுகோலோடு அதே நீதிமன்றக் கட்டடத்துக்கு வந்து சாட்சியம் அளித்தார். நவம்பர் 11 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் மிகக் கடுமையானது என்று நீதிமன்றம் தனியாகக் குறிப்பிட்டதால், 15 ஆண்டுகளின் பின் வழமையாகக் கிடைக்கக்கூடிய விடுதலைக்கும் வழி அடைபட்டது.

கணக்கு எழுதுவது என் தொழில். அந்தக் கண்ணோடு பார்த்தால், தண்டனை என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான கணக்கு. அது நேராகிவிட்டது. ஆனால், தாயை இழந்த பிள்ளையின் ஏட்டில் அதனால் ஒரு சதமும் வரவாகவில்லை.

அப்படியானால் தீர்ப்பு வீணா? இல்லை. பழி யாருடையது என்பதைத் தீர்ப்பு ஊரறியச் சொல்கிறது. அது பெரிய காரியம். ஏனென்றால் நம்மவர்கள் பலர் அந்தப் பழியைப் பிழையான பக்கத்தில் எழுதுகிறோம். "பேசாமல் விட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பாளே" என்கிறோம். "விதி" என்கிறோம். ஒரு தாய் தன் மானத்துக்காகச் சட்டத்தை நாடியது குற்றமா? கத்தியைக் கொண்டுவந்தவன் எழுதிய செலவை அவள் பெயரில் பதிவது கள்ளக் கணக்கு.

மிகுதிக் கடன் யாருடையது? ஒரு பங்கு அரசுடையது. ஜேர்மன் சட்டப்படி, கொலையுண்டவரின் நெருங்கிய உறவினர் அரச வழக்குத் தொடுநரோடு தாமும் ஒரு வழக்காளியாகச் சேர்ந்து, தமக்கென வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். 2017 முதல், கடும் குற்றங்களுக்கு ஆளானவர்களோடு விசாரணைக்கு வரப் பயிற்சி பெற்ற துணையாளர் ஒருவரைக் கேட்கலாம். 2024 முதல் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டுச் சட்டமும் புதிதாக்கப்பட்டுள்ளது. 'வைஸர் றிங்' அமைப்பின் இலவசத் தொலைபேசி 116 006. இவை பிச்சை அல்ல, உரிமை.

மறு பங்கு நம்முடையது. செத்தவீட்டுக்கு ஊரே திரண்டு வரும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தியேட்டி முடிந்ததும் வரவு குறைந்துவிடும். வழக்கோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. நீதிமன்ற வாசலில் கூட நிற்க ஒருவர் வேண்டும். அலுவலகக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்த ஒருவர் வேண்டும். பிள்ளையைப் பாடசாலையால் கூட்டிவர ஒருவர் வேண்டும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்காமல், ஒரு தேத்தண்ணி குடித்தபடி பக்கத்தில் இருக்க ஒருவர் வேண்டும். "இன்னுமா அழுகிறாய்?" என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நம்மில் எத்தனையோ குடும்பங்கள், ஒரு வழக்குக்கூட நடக்காமல் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்தவை. தீர்ப்பே காணாதவர்களுக்குத் தோளின் அருமை தெரியும். அந்தத் தோளைக் கொடுக்க, பாதிக்கப்பட்டவர் நம்மவரா, நம் மதத்தவரா என்று பார்க்க வேண்டியதில்லை.