யாருடைய வேகம்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வட முனையில், சுப்பீரியர் ஏரிக்குள் சிதறிக் கிடக்கின்றன அப்போஸ்தல் தீவுகள். மொத்தம் 22. காலங்காலமாக ஓஜிப்வே மக்கள் வாழ்ந்துவரும் பகுதி இது. 1970இல் அமைந்த தேசிய ஏரிக்கரைப் பூங்காவில் இன்று 21 தீவுகள் அடங்கும். ஊரும் குடியிருப்புமாக உள்ள மேடலின் தீவு மட்டும் அதற்கு வெளியே நிற்கிறது. கோடை வந்தால் கூடாரமும் சமையல் சாமானுமாகக் கயாக் படகுகளில் குழுக்கள் கிளம்பிவிடும். செம்மணற்கல் குகைகளுக்குள் படகோடு நுழைவது, ஒரு தீவில் இரவு தங்கி மறுநாள் அடுத்த தீவுக்குப் போவது என்று பயணம் நீளும்.

ஏரி என்பது பேருக்குத்தான். சுமார் 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, 406 மீட்டர் வரை ஆழம். 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் இதில்தான் 29 பேரோடு மூழ்கியது. அதனால் ஆற்றில் ஓட்டும் சிறு படகுகள் இங்கே உதவாது. முன்னும் பின்னும் நீர் புகாத அறைகள் கொண்ட நீண்ட கடல் கயாக் வேண்டும்; இடுப்பைச் சுற்றி நீர் உள்ளே வராமல் மூடும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டும், குளிர் தாங்கும் வெட்சூட்டும் வேண்டும். ஒரு வசதி உண்டு: உப்பில்லாத நீர் என்பதால் குடம் குடமாகச் சுமக்க வேண்டாம், வடிகட்டிக் குடிக்கலாம்.

உண்மையான ஆபத்து குளிர்தான். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூச்சு நிதானப்பட 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குள் பக்கத்துப் படகு வந்தாக வேண்டும். வந்தவர் கவிழ்ந்த படகின் மூக்கைத் தூக்கித் தன் படகின் மேல் குறுக்கே இழுத்து, நீரை வடித்து, நிமிர்த்தி, விழுந்தவர் ஏறும்வரை இறுகப் பிடித்துக்கொள்கிறார். தெரிந்த கைகளுக்கு ஓரிரு நிமிட வேலை. ஆனால் அந்தக் கைகள் அரை கிலோமீட்டர் முன்னால் போய்விட்டிருந்தால் குழுவாக வந்ததில் பயனே இல்லை.

வேகம் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது. வலுவானவர்கள் முன்னால் போய், நின்று, பின்தங்கியவர்களுக்காகக் காத்திருப்பார்கள். கடைசிப் படகு வந்து சேர்ந்ததும் “சரி, கிளம்பலாம்” என்பார்கள். முன்னவர்களுக்கு நல்ல ஓய்வு. களைத்து வந்தவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. காத்திருந்தவர்களோ தாங்கள் பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நினைப்பார்கள்! குடும்பத்திலும் அலுவலகத்திலும் இதே அநியாயம் நடக்கிறது. தண்ணீரில் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. அனுபவமுள்ள வழிகாட்டிகள் மெதுவானவரை முன்னால் விட்டு, அவர் துடுப்புப் போடும் வேகத்துக்கே எல்லோரையும் வரச் சொல்கிறார்கள். சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

இதைவிடக் கடினம் காற்று எழும் நாள். குகைப் பாறைகளில் மோதிய அலை திரும்பி வந்து எதிர் அலையோடு சேர்ந்து எகிறும். செங்குத்துப் பாறை நீளும் இடங்களில் கரையேறவும் வழி கிடையாது. வானொலியில் அறிக்கை கேட்டுவிட்டுக் கூடாரத்திலேயே கிடப்பதுதான் விவேகம். ஆனால் மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியவர் ஒருவர் குழுவில் இருப்பார். “அலை அவ்வளவு மோசமாக இல்லையே” என்பார். பயந்தவர் வாயைத் திறக்கமாட்டார். தன்னால் மற்றவர்களின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்ற கூச்சம். விபத்துக்கு வழிவிடுவது இந்த மௌனம்தான். பயந்தவர் பெரும்பாலும் சரியாகத்தான் பயந்திருப்பார்.

ஆகவே நல்ல குழுவில் ஒரு விதி உண்டு: “வேண்டாம்” என்று யார் சொன்னாலும் படகு இறங்காது, காரணம் கேட்டுக் குடைவதும் இல்லை. போகலாம் என்பதற்கு எல்லோரும் ஒப்ப வேண்டும். நிற்பதற்கு ஒருவர் போதும். பெரும்பான்மை முடிவுக்குப் பழகியவர்களுக்கு இது ஏற்கக் கடினமான முறை. ஆனால் குளிர்ந்த நீரில் பெரும்பான்மைக்கு மதிப்பில்லை; கவிழ்பவர் தனியாகத்தான் கவிழ்கிறார்.

இந்த விதி ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க ஒரு நாள் உபரி வேண்டும். காற்றுக்காக ஒதுக்கிய அந்த நாள் இல்லாமல் திட்டம் போடும் குழு, “வேண்டாம்” என்று சொல்லும் உரிமையை முன்கூட்டியே பறித்துவிடுகிறது. அப்படிப்பட்ட குழுவோடு கிளம்பாதீர்கள்.