கையில் ஒரு பை போதுமா?

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா, பேரனின் ஆயுஷ்ஹோமத்துக்குச் சிங்கப்பூர் என்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் யாராவது ஒருவர் கிளம்பிக்கொண்டேதான் இருக்கிறார்கள். டிக்கெட் கைக்கு வந்ததுமே தி.நகருக்குப் படையெடுப்பு! பாண்டி பஜாரில் பெட்டி, ரங்கநாதன் தெருவில் இட்லித்தட்டு, அப்புறம் அப்பளம், வடாம், பிரசவ லேகியம், புளிக்காய்ச்சல்... கடைசி நாள் இரவில் எடை பார்க்கும் மெஷின் கூடத்துக்கு வந்துவிடும். வீட்டுக்குள் ஒரு சின்ன யுத்தமும் நடக்கும்.

இப்போது இதற்கு நேர்மாறாகவும் சிலர் கிளம்புகிறார்கள். கையோடு எடுத்துப்போகும் பை ஒன்றுதான். நம்மூர் விமானங்கள் பலவற்றில் அதற்கு 7 கிலோ கணக்கு. பெட்டிக்காகக் காத்து நிற்க வேண்டாம். தொலைந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. கேட்கவே ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால், குறைவாகச் சுமப்பதுதான் பற்றின்மையா?

இதே சென்னையிலிருந்து ஆதரவு திரட்டிக்கொண்டு கடல் கடந்த ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போமே! தண்டமும் கமண்டலுவுமாகப் பாரதம் முழுக்க நடந்தவர் சுவாமி விவேகானந்தர். சாந்தோமில் அவர் தங்கியிருந்தபோது அளசிங்கப் பெருமாள் முதலான இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார்கள். 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார். கூடவே பெட்டிகள், உடுப்புகள்! ஜூலை 10 அன்று யோகஹாமாவிலிருந்து சென்னை அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அலுத்துக்கொள்கிறார். பொருள்களை வைத்துக்கொண்டு காப்பாற்றிப் பழக்கமே இல்லாதவர் அவர். அந்தக் காவல் வேலையிலேயே தம் சக்தியெல்லாம் போய்விடுகிறதாம்!

கவனித்தீர்களா? பெட்டியின் கனம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பெட்டி கேட்கும் கவனம்தான் கனத்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால், ‘ஆகவே பெட்டியே வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவிலிருந்து இன்னொரு கடிதம் வருகிறது. குளிர் நெருங்குகிறது, கம்பளி உடை தைக்கக் கொடுத்தாக வேண்டும், கைப்பணம் கரைகிறது. தங்க வைக்க முடியாவிட்டால், அந்த நாட்டை விட்டுக் கிளம்பவாவது பணம் அனுப்பச் சொல்கிறார். அந்தச் செய்தி வந்தபோது மறுபடியும் பணம் திரட்டியது யார்? அதே அளசிங்கர்தான்.

துறவிக்குத் தர ஊரே காத்திருந்தது. அவரும் ஊருக்காகத்தான் போனார். நம் விஷயம் அப்படியா? ஒரே பையோடு போய் இறங்கி, மாப்பிள்ளையின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, நாலாம் நாளே மகளைக் கடைக்கு இழுத்துப் போனால் நம் சுமை எங்கே போயிற்று? கைக்குழந்தைக்காரியின் தோளுக்குத்தானே! இதைப் பற்றின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதஞ்சலி முனிவர் ஐந்து யமங்களில் ஒன்றாக அபரிக்கிரகத்தை வைத்தார். தேவைக்கு மேல் சேர்க்காமல் இருப்பது அது. தேவை எது, மேல் எது என்பதில்தான் சிக்கலே!

இதற்கு நம்மிடம் ஒரு பை இருக்கிறது... இருமுடி! கையோடு, அல்ல, தலையோடு கொண்டுபோகும் பை. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூஜைப் பொருள்களும், அது ஐயப்பனுக்கு. பின்முடியில் அரிசி, பருப்பு என்று வழிச்செலவு, அது நமக்கு. காட்டு வழியில் நடக்க நடக்கப் பின்முடி இளைத்துக்கொண்டே வரும். முன்முடியை மட்டும் சந்நிதி வரை யாரும் குறைக்க மாட்டார்கள். விமானத்தில் கைப்பையில் தேங்காய் கூடாது என்ற விதிகூட அதற்காக வளைந்தது. 2024 அக்டோபரில், சபரிமலை செல்வோர் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோகலாம் என்று 2025 ஜனவரி 20 வரை மத்திய அரசு தனி அனுமதி தந்தது.

உங்கள் பெட்டியையும் இப்படி இரண்டு முடியாகப் பிரித்துப் பாருங்கள். லேகியம் முன்முடி. பேரனுக்குத் தைத்த பருத்திச் சட்டை முன்முடி. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எடுத்து வைக்கிறோமே, அதெல்லாம் பின்முடி. கம்பளி உடையும் மாத்திரைகளும் பின்முடிதான். ஆனால், அவற்றை விட்டுப்போனால் பிறர் தலையில் ஏறும். ஆகவே அவை இருக்கட்டும். ஆறாவது பட்டுப்புடவை? அங்கே குளிரில் அதன்மேல் கோட்டைப் போட்டு மூடத்தான் போகிறீர்கள்.

இன்னொன்று. புளிக்காய்ச்சலும் லேகியமும் கைப்பையில் போகாது. 100 மில்லிக்கு மேல் கூழாக எது இருந்தாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அவற்றுக்காக ஒரு பெரிய பெட்டி தேவைப்பட்டால், தாராளமாக எடுத்துப் போங்கள். மகள் ஆசையாகக் கேட்டாளா என்று மட்டும் முன்னாடியே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்!